பழைய கூட்டாளியைத் தேடுறியளோ? பென்சன் எடுத்த ஜீஎஸ் ஒருத்தரிட்டக் கேளுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் முப்பது வருசத்துக்கு மேல ஜீஎஸ்ஸா, அதான் கிராம சேவகரா, இருந்து 2022ல பென்சன் எடுத்தனான். பழைய ஆக்கள் விதானை எண்டுவினம், ரெண்டும் ஒண்டுதான். இடம்பெயர்ந்த சனத்தைப் பதியிறதும், நிவாரணக் காட் எழுதுறதும், ஆர் எங்க போனது எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி சொல்லுறதும்தான் பாதி வாழ்க்கை. அதால இப்பவும் பள்ளிக்கூடக் கூட்டாளியைத் தேடித் தாங்கோ எண்டு சனம் கேட்டுக்கொண்டே இருக்கு. எல்லாத்தையும் ஒரே இடத்தில கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன். ஒண்டு முதலே சொல்லி வைக்கிறன், ஆரும் தேடித் தாறன் எண்டு சொன்னவுடன ஐடென்ரிக்காட் படத்தை அனுப்பாதேங்கோ. எனக்கும் அனுப்பாதேங்கோ.

ஸ்காபுறோ சைக்கிள்காரன்: ஐயா, நான் 1986ல பரந்தனில ஓஎல் எடுத்தனான். என்னோட ஒரு பெடியன் படிச்சவன், தேப்பன் கெமிக்கல் பக்டரியில வேலை, குவாட்டர்ஸில இருந்தவை. அவன்ர சைக்கிள் பாரிலதான் நான் மூண்டு வருசம் பள்ளிக்கூடம் போனது. 87ல நான் வெளிக்கிட்டன். பிறகு தொடர்பே இல்லை. எங்க தொடங்கிறது?

தம்பி, உம்மட கேள்வி நல்ல கேள்வி, ஏனெண்டால் நீர் பேரை மட்டும் சொல்லாமல் தேப்பன்ர வேலையைச் சொல்லியிருக்கிறீர். சனம் விடுற முதல் பிழை பேரை வைச்சுத் தேடுறது. எங்கட சனத்தில ஒரே இனிசல் ஒரே பேரில ஒரு பிரிவுக்குள்ளயே நாலு பேர் இருப்பினம், நான் நிவாரணக் காட் எழுதேக்க பேருக்குப் பக்கத்தில "கடைக்கார", "மில்", "பனையடி" எண்டு பென்சிலால குறிச்சு வைக்கிறனான், இல்லாட்டி ஒருத்தற்ற அரிசியை மற்றவர் கொண்டு போயிடுவார். பேரை விட்டுட்டுத் தொழிலைப் பிடியும். பக்டரி ஆக்கள் எல்லா ஊரில இருந்தும் வந்து குடியிருந்தவை, சண்டையோட பக்டரி மூடினாப் பிறகு கன பேர் தாய் தேப்பன்ர சொந்த ஊருக்குத்தான் திரும்பிப் போனவை. அப்ப அவன்ர அம்மா எந்த ஊர்? தீபாவளிக்கு எந்த ஊருக்குப் போறவை? அதை யோசிச்சுப் பாரும், நினைவு வரும். அந்த ஊர் தெரிஞ்சால் பாதி வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது, நீங்கள் இருந்த காலத்திலயே பேப்பரில கரைச்சல் இருக்கு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984ல, அதுக்கு முந்தின கன பேப்பரில யாழ்ப்பாண மாவட்டம் எண்டுதான் இருக்கும். நீர் கிளிநொச்சி கிளிநொச்சி எண்டு தேடிக்கொண்டிருப்பீர், அது அங்க கிடக்கும். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பை நம்பாதேயும், இருந்தால் அதிர்ஷ்டம். 96ல ஒருக்கா 2008ல ஒருக்கா எண்டு பள்ளிக்கூடங்களே மேசை கதிரையோட இடம்பெயர்ந்தது, மரத்துக்குக் கீழ நடந்தது, கடைசியில ஆக்களே வெறுங்கையோட வெளிக்கிட்டவை, இடாப்பை ஆர் தூக்கினது.

மூண்டாவது, வகுப்பில இருந்த ஆரோ ஒருத்தர் ஊரை விட்டுப் போகாமல் இருப்பார். பெரும்பாலும் சைக்கிள் கடை வைச்சிருப்பார், இல்லாட்டி சங்கக்கடையில நிப்பார். அவரைக் கண்டுபிடியும். நூறு பேருக்கு ஃபேஸ்புக்கில எழுதிறதும் சரி, அவருக்கு ஒரு கோல் எடுக்கிறதும் சரி.

சும்மா ஒருவன்: என்ர பள்ளிக்கூட ஃப்ரெண்ட் ஃபேஸ்புக் ரிக்வெஸ்ட்டை ரெண்டு வருசமா அக்செப்ட் பண்ணேல்ல. என்ன செய்யலாம்?

கோல் எடும்.

வட்டக்கச்சி மருமகள்: ஐயா என்ர சிநேகிதியைத் தேடுறன். 14 வயசில இருந்து ஒண்டாப் படிச்சனாங்கள், அவவுக்கு 95ல கலியாணம் முடிஞ்சுது, பிறகு எங்க எண்டு தெரியாது.

பிள்ளை, பெம்பிளைப் பிள்ளையளைத் தேடுறதுதான் ஆகக் கஷ்டம். கலியாணத்தோட இனிசல் மாறும், வாக்காளர் இடாப்பில புருசன்ர பேருக்குக் கீழ புருசன்ர வீட்டு இலக்கத்தில போயிடுவா, நீங்கள் தேடுற பேரில அப்பிடி ஒரு ஆளே இருக்க மாட்டா. அவவைத் தேடாதேங்கோ, அவவின்ர அண்ணன் தம்பியைத் தேடுங்கோ, ஆம்பிளையளின்ர பேர் மாறாது. தம்பிமார் இல்லையெண்டால் குலதெய்வத்தைப் பிடியுங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்ல. வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசித் திங்களில வரும், வன்னியில பிறந்து எங்க கட்டிக்குடுத்தாலும் அந்த நாளுக்கு வந்து நிக்கிற பெம்பிளையள் கன பேர். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கும் அப்பிடித்தான். நான் வேலையில இருந்த காலத்திலயே கடிதம் போட்டுக் கிடைக்காத ஆக்களை வற்றாப்பளையில பானைக்குப் பக்கத்தில பாத்திருக்கிறன். அவவின்ர வீட்டார் எந்தக் கோயிலுக்கு நேத்தி வைக்கிறவை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, 14 வயசுச் சிநேகிதிக்கு அது தெரியாமல் இருக்காது.

மல்லாவி மைந்தன்: ஐயா என்ர நண்பனைத் தேடித் தருவீங்களா, பேர் இனிசலோட போடுறன், ஐடி நம்பரும் இருக்கு.

மேல வாசியுங்கோ. நம்பரை அழியுங்கோ. உங்கட பதிவில இருந்து இப்பவே அழியுங்கோ.

பெயர் வேண்டாம்: என்ர கூட்டாளி 2009 மாசியில இரணைப்பாலையில கடைசியாக் கண்டது. தாய் இப்பவும் தேடுறா. நான் ஏதும் பதியலாமோ?

இதுக்கு நான் இங்க நீட்டி எழுத மாட்டன், நீங்கள் தாயோட கதைச்சு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. காணாமல் போன ஆக்கள் பற்றின அலுவலகத்துக்குச் சட்டம் 2016ல வந்தது, அதில உறவினர் மட்டும் இல்லை வேற ஆக்களும் முறைப்பாடு குடுக்கலாம் எண்டு இருக்கு. செஞ்சிலுவைச் சங்கமும் பிரிஞ்ச குடும்பங்களுக்காகத் தேடுறவை, அதுக்குத் தாய்தான் போகோணும். நீங்கள் கடைசியாக் கண்ட நாள், இடம், உடுப்பு, கூட நிண்ட ஆக்கள் எல்லாத்தையும் இப்பவே ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. தாயிட்ட அடிக்கடி போங்கோ.

கொழும்பு பதினேழு: அங்கிள் எனக்கு 17 வயசு. பெஸ்ட் ஃப்ரெண்ட் அடுத்த மாசம் ஃப்ரான்ஸ் போறான். வட்சப் இருக்குத்தானே, ஃப்ரெண்ட்ஷிப் நிக்குமா?

நிக்கும், ஆனா வட்சப்பால இல்லை. அவன் போனாப் பிறகு அவன்ர அம்மா வீட்டுப் பக்கம் மாசத்தில ஒருக்காப் போய் எட்டிப் பாரும், லைட் பில் கட்டிக் குடும், தண்ணி மோட்டர் பழுதெண்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு போம். அம்மா அவனுக்கு கோலில சொல்லுவா. உங்கட வயசில ரெண்டு பேரும் நேர கதைச்சால் பகிடியும் பந்தடியும்தான் கதைப்பியள், அது ஆறு மாசத்தில முடிஞ்சுடும்.

மாங்குளம் மகேந்திரா: கூட்டாளி அஞ்சு லட்சம் கேக்கிறார், 20 வருசத்துக்குப் பிறகு இப்பதான் தொடர்பு.

குரலைக் கேட்டனீங்களோ? எழுத்தில மட்டும் கேட்டால் அது கூட்டாளி இல்லை, வேற ஆரோ. குரல் சரியெண்டால், திரும்பி வராட்டியும் பரவாயில்லை எண்ட அளவுக்குக் குடுங்கோ. ஐடென்ரிக்காட் படம் அனுப்பாதேங்கோ.

லண்டன் அக்கா: விதானையார், எங்கட வீட்டுக்காரர் 1990ல வெளிக்கிடேக்க காணியைத் தன்ர கூட்டாளியிட்டப் பாக்கச் சொல்லிப்போட்டு வந்தவர். ரெண்டு பேரும் 15 வயசில இருந்து பழக்கம். இப்ப திரும்பக் கேட்டால் விடமாட்டன் எண்டுறாராம். 30 வருசத்துக்கு மேல சிநேகிதம், இப்பிடியும் செய்வினமோ?

அக்கா, முதல் உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியோ, அரசாங்கம் குடுத்த பெர்மிட் காணியோ எண்டு சொல்லுங்கோ, அதைச் சொல்லாமல் ஆரும் உங்களுக்குச் சட்டம் சொன்னால் நம்பாதேங்கோ. உறுதிக் காணியெண்டால் பத்து வருசம் எதிராட்சியா, அதாவது சொந்தக்காரற்ற அனுமதி இல்லாமல் தன்ர காணி எண்டு, இருந்தால் ஆட்சியுரிமை கேக்கலாம். ஆனா நீங்கள் பாக்கச் சொல்லிக் குடுத்தது எண்டு ஒரு துண்டுக் கடிதம், ஒரு காசு அனுப்பின ரசீது இருந்தாலும் அது அனுமதியோட இருந்தது, எதிராட்சி இல்லை. சண்டைக் காலத்தில காணிக்குப் போக ஏலாமப் போன ஆக்களுக்காக 2016ல 5ம் இலக்கச் சட்டம் ஒண்டும் வந்தது, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றினது, அதுக்கும் காலக்கெடு வைச்சவை, லோயரைக் கேளுங்கோ. பெர்மிட் காணியெண்டால் கதை வேற. அது அரச காணி, 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில குடுத்தது. அரச காணிக்கு ஆட்சியுரிமை ஓடாது, உங்கட ஆளும் பிரதேச செயலாளற்ற எழுத்து அனுமதி இல்லாமல் விக்கவோ கைமாத்தவோ ஏலாது. காணியில இருந்து செய்கை பண்ணோணும் எண்டது நிபந்தனை, 30 வருசம் லண்டனில இருந்தால் நிபந்தனை என்ன ஆச்சு? பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்துப்போட்டு இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காட்டி அது இன்னொரு தலையிடி.

முரசுமோட்டையான்: ஐயா நீங்கள் சட்டம் கதைக்கிறியள். அந்தக் காணியில பத்தை வெட்டினது ஆர்? யானைக்கு வெடி கொளுத்தி ராவிராவா முழிச்சது ஆர்? 2010ல தரப்பாளோட வந்து மிதிவெடி எடுத்த காணி எண்ட போட்டைப் பாத்துப் பாத்துக் கால் வைச்சது ஆர்? வெளிநாட்டு ஆக்கள் லீவுக்கு வந்து கிணத்தடியில நிண்டு படம் எடுப்பினம். காணி இருந்தவனுக்குத்தான்.

லண்டன் அக்கா: நாங்கள் காசு அனுப்பினனாங்கள்தானே! ஒவ்வொரு காலபோகத்துக்கும் உரத்துக்கு அனுப்பினது.

முரசுமோட்டையான்: அக்கா உரம் அனுப்பினீங்கள், உயிரையுமா அனுப்பினீங்கள்?

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. முரசுமோட்டை, நீர் சொல்லுறதில ஞாயம் இருக்கு, ஆனா கூட்டாளி எண்ட உரிமையால காணி வராது. பெர்மிட் காணிச் சட்டத்தில பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி போற பின்னுரித்தாளர் எண்டு ஒருத்தரைப் பதியலாம். துணை, பிள்ளை, பேரப்பிள்ளை, சகோதரம் எண்டு உறவுமுறைப் பட்டியல் ஒண்டு இருக்கு, அதுக்குள்ள இருந்துதான் போடலாம். அந்தப் பட்டியலில இருந்தால் முகம் பாக்காத சொந்தமும் உள்ள வரும், 40 வருசமா உம்மோட ஒரு கோப்பையில திண்டவன் வர மாட்டான். என்ர சேவையில எத்தினை ஃபாரம் நிரப்பியிருப்பன், எல்லாத்திலயும் உறவுமுறை எண்டு ஒரு கட்டம், ஒண்டிலயும் கூட்டாளி எண்டு எழுத இடம் இல்லை. அக்கா, உங்களுக்கும் சொல்லுறன், கோட்டுக்குப் போறதுக்கு முதல் உங்கட வீட்டுக்காரர் தானே விமானம் ஏறி வந்து அந்த மனுசன்ர முத்தத்தில ஒரு கிழமை இருக்கட்டும், மாமன் மச்சானை அனுப்பாதேங்கோ. பாதிக்குப் பாதி எண்டு அவரே சொல்லுவார், நான் அப்பிடி முடிஞ்ச அலுவல் கண்டிருக்கிறன்.

முரசுமோட்டையான்: நல்லாச் சொன்னியள். நீங்கள் ஜீஎஸ், பேனை உங்கட கையில. உங்கட கூட்டாளிக்குக் காணி எடுத்துக் குடுத்தனீங்களோ?

இல்லை.

கேட்டுட்டீர், சொல்லுறன். என்ர கூட்டாளி மலைநாட்டுப் பெடியன். 77 கலவரத்தில அடிச்சுத் துரத்தி, தாய் தேப்பன் ரெண்டு தங்கச்சியோட லொறியில வந்து இறங்கினவை, அப்பிடி அந்த நேரம் கன சனம் வன்னிக்கு வந்தது உமக்கும் தெரியும். எனக்கு 15, அவனுக்கும் 15. எங்கட ஐயாவுக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழ குடியேற்றத் திட்டக் காணி, அவையள் எங்கட வயலுக்குக் கூலிக்கு வந்தவை. நான் வாய்க்காலில மீன் பிடிக்கத் தெரியாமல் நிக்க அவன் சாரத்தை ரெண்டு பக்கமும் கட்டி ஒரு வீச்சில பிடிச்சான், அண்டையில இருந்து தொடங்கினது. எங்கட வீட்டில அவனுக்குச் சிரட்டையிலதான் தேத்தண்ணி. நான் கொண்டுபோற கோப்பையில அவன் குடிக்க, அம்மா அந்தக் கோப்பையைத் தனிய எடுத்து வைச்சா. நானும் அந்தக் கோப்பையிலயே குடிக்கத் தொடங்கினன், பிறகு அம்மா ஒண்டும் சொல்லேல்ல. இப்பிடி எழுத வெக்கம்தான், ஆனா வன்னியில இது நடக்கேல்ல எண்டு சொன்னால் பொய்.

நான் ஜீஎஸ்ஸாச் சேர்ந்து அஞ்சாம் வருசம் காணியில்லாத ஆக்களின்ர பட்டியல் ஒண்டு மேல இருந்து கேட்டவை. பெர்மிட் பிரஜைக்குத்தான். அவன்ர குடும்பத்துக்குப் பிரஜாவுரிமைப் பேப்பர் இல்லை. 48ல பறிச்சது, 64ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு மூண்டு லட்சம் பேர் இஞ்ச எண்டு பிரிச்சது, இவையின்ர ஃபைல் ரெண்டிலயும் இல்லாமல் தொங்கினது. நான் அவன்ர பேருக்கு நேரே சிவப்புப் பேனையால "ஆவணம் இல்லை" எண்டு எழுதி வெட்டினன். எழுதாமல் மேல அனுப்பியிருக்கலாம், அங்க ஆரும் வெட்டியிருப்பினம், ஆனா நான் ஒழுங்கான ஆள் எண்டு காட்டோணும் எண்டு எழுதினன். மூண்டு வருசம் அவன் என்னோட கதைக்கேல்ல. சந்தையில கண்டால் மற்றப் பக்கம் போவான்.

96 ஆடியில ஷெல் அடி தொடங்கி கிளிநொச்சி இடம்பெயரேக்க ராத்திரி ஒரு மணிக்கு வாசலில லான்ட்மாஸ்டர், அதான் ரெண்டு சில்லு உழவு மெஷின், சத்தம். பெற்றோல் இல்லாத காலம், மண்ணெண்ணெயில ஓடுறது, புகை மணம் இப்பவும் மூக்கில நிக்குது. இறங்கினான், என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்ல, நேர உள்ளுக்குப் போய் நடக்க ஏலாமக் கிடந்த எங்கட அம்மாவைத் தூக்கி வைக்கல் போட்ட பெட்டியில கிடத்தினான். அக்கராயன் மட்டும் ஓடினான். அங்க இறக்கிப்போட்டுத்தான் "ஆவணம் இருக்கோ" எண்டு கேட்டான். அம்மாதான் முதல் சிரிச்சது.

வட்டக்கச்சி மருமகள்: ஐயா பிறகு காணி?

2003ல 35ம் இலக்கச் சட்டம் வந்துதான் அவைக்குப் பிரஜாவுரிமை, அந்த ஃபாரத்தை நான்தான் நிரப்பினன், அஞ்சு பேருக்கும். காணி 2013ல 1ம் இலக்கச் சுற்றுநிருபத்துக்குப் பிறகு விண்ணப்பம் போட்டு இழுபட்டு இழுபட்டுக் கிடைச்சுது, கால் ஏக்கர். எங்கட ஐயாவுக்கு மூண்டு ஏக்கர். கணக்கை நீங்களே பாருங்கோ.

முரசுமோட்டையான்: மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, சும்மா கேட்டனான்.

மன்னிப்பு என்னத்துக்கு, கேக்க வேண்டிய கேள்விதான்.

புத்தகப் பூச்சி: ஐயா நீங்கள் ஒரு ஃபாரத்திலயும் கூட்டாளி எண்டு எழுதேல்ல எண்டியள். ஒருக்காலும் வளைச்சு எழுதேல்லையோ?

ஒருக்கா. 2009ல செட்டிகுளத்துக்குக் கொண்டுபோய் இறக்கேக்க. ஆனந்தகுமாரசாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் எண்டு பேர் வைச்ச முகாமுகள், நடுவில கம்பி வேலி, குடும்பம் குடும்பமாத்தான் பதிவு. ஒரே பஸ்ஸில வந்தவையையே வேற வேற முகாமுக்குப் பிரிக்கினம் எண்டு வரிசையில கதை. என்ர கூட்டாளிக்கு அப்ப மனிசி இல்லை, மாத்தளனில செத்துப்போனா, ஒரு மகள் மட்டும். என்ர முறை வர உறவுமுறைக் கட்டத்தில "தம்பி" எண்டு சொல்லிப்போட்டன். எழுதின பெடியன் ரெண்டு பேற்ற இனிசலையும் பாத்தான், எங்கட ரெண்டு பேற்ற முகத்தையும் பாத்தான், எழுதினான். ஒரே கூடாரம் கிடைச்சுது. உண்மையில அவன் என்னைவிட நாலு மாசம் மூப்பு. அண்ணன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே எண்டு இண்டைக்கும் பேச்சு வாங்கிறன்.

சட்டம் படிச்சவன்: அரச உத்தியோகத்தர் பொய்யான தகவல் குடுக்கிறது குற்றம் எண்டு தெரியுமோ?

தெரியும் தம்பி.

தருமபுரம் தங்கச்சி: கூட்டாளி, சிநேகிதன், நண்பன், மச்சான், எது சரியான சொல் ஐயா? எங்கட வீட்டில சண்டை.

நண்பன் மேடையில சொல்லுறது. சிநேகிதன் அம்மாக்கு அறிமுகப்படுத்தேக்க. கூட்டாளி ஒண்டாத் திரியிறவன். மச்சான் எண்டு கூப்பிடுறவன் அநேகமாக் காசு கேக்கப் போறான்.

ஜேர்மன் ஜீவா: ஐயா என்ர பள்ளிக்கூட நண்பனைத் தேடித் தருவீங்களா? பேர் மட்டும்தான் தெரியும்.

மேல. மேல. மேல வாசியுங்கோ.

விசுவமடு விசிறி: ஐயா எனக்கும் பெர்மிட் காணிக் கேள்வி ஒண்டு, மாமாவின்ர காணி...

பிரதேச செயலகத்தில காணி உத்தியோகத்தர் இருக்கிறார், பொதுமக்கள் நாள் எது எண்டு கேட்டுப்போட்டுப் போங்கோ, பெர்மிட்டின்ர போட்டோக்கொப்பியோட. இண்டைக்கு இனிக் காணி இல்லை.

ஸ்காபுறோ சைக்கிள்காரன்: ஐயா, நீங்கள் சொன்னமாதிரி யோசிச்சனான். அவையள் தீபாவளிக்கு நெடுங்கேணிக்குத்தான் போறவை, அம்மாவின்ர ஊர். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு கோல் எடுத்தன். அந்தக் குடும்பத்தில ஒருத்தர் ரயர் கடை வைச்சிருக்கிறாராம், அவன்ர தம்பியா இருக்கலாம். நம்பர் தந்தவை. ரெண்டு மணித்தியாலமாக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிறன், எடுக்கப் பயமா இருக்கு. என்ன சொல்லித் தொடங்கிறது?

சைக்கிள் பாரில இருந்தவன் கதைக்கிறன் எண்டு சொல்லும். இப்ப இஞ்ச இரவு ஏழரை, கடை பூட்டியிருப்பார், வீட்டில இருப்பார். எடும்.

மிச்சக் கேள்வியளுக்கு வாற ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குக் காலமை சிறுபோகத்துக்குத் தண்ணி விடுற கூட்டம் இருக்கு, அங்கயும் சண்டைதான்.